மூன்றாவது பாறையில் கரடி

கள்ளக்குறிச்சியில் உமர் பாரூக்குக்கு ஒரு மண்டி இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் கடுக்காயும் புளியும் அங்கேதான் எடை போடப்படும். அவருக்கும் காசிம் பீவிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் அன்சர், குவைத்தில் டிவி, ரேடியோ விற்கிற ஒரு கடையில் வேலை. அவனுக்கு ஆறு வயது இளையவள் மஹ்ஜபீன்.

மஹ்ஜபீன் பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தில் ஒரு மார்க் கூடக் குறையாமல் வாங்கியவள். ரிசல்ட் வந்த அன்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் அவள் வீட்டோடு இருந்தாள். காலேஜ் என்றால் விழுப்புரமோ சேலமோ போக வேண்டும். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ரோஜாவும் மயிலும் புள்ளி புள்ளியாக வரைந்து, அதைப் பார்த்துத் தலையணை உறைகளில் குறுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த உறையெல்லாம் தீர்ந்து, அக்கம்பக்கத்து வீட்டு உறைகளும் தீர்ந்தன.

எண்பத்தாறில் அன்சர் லீவில் வந்தான். பெட்டியில் சென்ட்டு, கம்பளி, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் எல்லாம் இருந்தன. அடியில், துண்டில் சுற்றி, ஒரு கறுப்புப் பலகை. ரப்பர் பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் இங்கிலீஷில் குட்டி குட்டி எழுத்து.

"இன்னா அண்ணே இது, டைப் மிஷினா?"

"கம்ப்யூட்டரு. டிவியில சொருகணும். கேசட்ல கேம் வரும்."

பலகையை டிவியோடு ஒரு வயரால் இணைத்தான், டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரோடு இன்னொரு வயரால் இணைத்தான். கேசட்டை ஓட விட்டதும் வந்த சத்தத்தில் காசிம் பீவி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். கீச்சென்று ஒரு கூச்சல், பிறகு தகரத்தை அரத்தால் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. நாலைந்து நிமிஷம் அது நிற்கவே இல்லை. "அல்லா, இத நிறுத்துடா, காது போவுது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் ஓய்ந்து, டிவியில் ஒரு குட்டி மனிதன் வந்து நின்றான். பொத்தானை அழுத்தினால் ஓடினான், குதித்தான், ஏணி ஏறினான், பேயைக் கண்டால் சுட்டான்.

அன்சர் நாலு நாளில் தாண்ட முடியாத இடத்தை மஹ்ஜபீன் ஒரு வாரத்தில் தாண்டினாள். விளையாட்டு முழுசும் முடிந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, நான் பொத்தான அழுத்துனா அவன் குதிக்கணும்னு அதுக்கு யாரு சொன்னது?"

அன்சர் பெட்டியைக் கிளறி, கூட வந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். "இதுல எல்லாம் போட்டிருக்கு. எனக்குப் புரியல. நீ கணக்குப் புலியாச்சே, பாரு."

அவன் குவைத் திரும்பினான். பலகையை விட்டுவிட்டுப் போனான். கடையில் பழசு ஒன்று கிடக்கிறது, அதை வாங்கிக்கொள்வேன் என்றான். மஹ்ஜபீன் பள்ளிக்கூட டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை நாலு மாதம் படித்தாள். ஒரு உருவத்தை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்து வரைய வேண்டும் என்று வந்த பக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாகத் தலையணை உறையில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்!

என்ன விளையாட்டு செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. அன்சருக்குப் பன்னிரண்டு வயதில், அத்தா உமர் பாரூக்கோடு வெள்ளிமலைப் பக்கம் கடுக்காய் வாங்கப் போயிருந்தபோது, ஒரு கரடி அவனைத் துரத்தியது. பாறை மேல் பாறையாக ஏறித் தப்பித்தான். அத்தா தீப்பந்தத்தோடு போய் இறக்குகிற வரைக்கும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தானாம். அன்றிலிருந்து காசிம் பீவி அவனைக் கொஞ்சும்போது "என் கரடி" என்றுதான் கூப்பிடுவாள். மஹ்ஜபீனின் விளையாட்டில் ஒரு ஆள் மலை ஏறுவான். மேலே இருந்து கல் உருளும், தேனீ கலைந்து வரும். கடுக்காய் பொறுக்கிக்கொண்டே அவன் பாறை பாறையாகத் தாவ வேண்டும். பின்னாலேயே ஒரு கரடி. கல்லை எடுத்து வீசினால் ஒரு நொடி நிற்கும், மறுபடி வரும்.

அந்தக் காலத்தில் குவைத்துக்குப் போனவர்கள் கடிதத்தைவிட கேசட்டைத்தான் நம்பினார்கள். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். அன்சரின் கேசட்டும் மாசத்துக்கு ஒன்று வரும். எப்போதும் ஒரு பக்கம்தான் பேசுவான். முதலில் அம்மாவுக்கு, பிறகு அத்தாவுக்கு, கடைசியில் தங்கச்சிக்கு. காசிம் பீவி படித்தவள் இல்லை. அவளுக்கு மகன் என்றால் அந்தக் கேசட்டுதான். புதுசு வரும் வரைக்கும் பழசைத் தினமும் மத்தியானம் ஒரு தடவை போட்டுக் கேட்பாள். புதுசு வந்ததும் பழசு மேலேயே இவர்கள் பேசிப் பதிந்து, அன்சருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வீட்டில் அவன் குரல் எப்போதும் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கும்.

எண்பத்தேழு ஜூனில் அப்படி ஒரு கேசட்டின் மறுபக்கத்தில் மஹ்ஜபீன் தன் விளையாட்டைப் பதிந்து அனுப்பினாள். ஆகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. அம்மாவோடும் அத்தாவோடும் பேசி முடித்துவிட்டு, அன்சர் குரலை மாற்றிக்கொண்டான்.

"ஜபீனு, நீ நல்லா இருப்பியா? மூணாவது பாறையில என்னால தாண்டவே முடியலம்மா. உன் கரடி ரொம்ப வேகமா வருது. அன்னிக்கு வந்த கரடி இவ்ளோ வேகமா வந்திருந்தா இன்னிக்கு நான் ஏது? கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு. ரூமே உக்காந்து ஆடிக்கினு இருக்கோம், ஒருத்தனாலயும் முடியல."

மஹ்ஜபீன் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றே உட்கார்ந்தாள்.

கரடியை மெதுவாக்குவது அவள் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. அதை மெதுவாக்கினால் கல்லும் மெதுவானது, தேனீ அந்தரத்தில் நின்றது. மூன்று வாரம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தியாகதுருகத்து ராஜாங்கம் மண்டிக்கு வந்தார். அவர் புளியந்தோப்பு வைத்திருந்த விவசாயி, உமர் பாரூக்குக்கு இருபது வருஷப் பழக்கம். மூட்டை எதுவும் கொண்டு வரவில்லை.

"பாய், நாளையிலேர்ந்து ஒரு வாரம் மலையிலேர்ந்து லோடு எதையும் எறக்காதீங்க. ரோட்டுல நாங்கதான் குந்திக்கினு இருப்போம்."

"இட ஒதுக்கீட்டுக்குத்தானே?"

"ஆமாங்க. எம்புள்ள நல்லா மார்க்கு எடுத்தும் சீட்டு கெடைக்காம கழனியில நிக்கிறான். எத்தினி நாளு மனு குடுத்துக்கினே இருக்கறது?"

உமர் பாரூக் தலையாட்டினார். தன் வீட்டிலும் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி தையல் போட்டுக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. "பாத்து இருங்க ராஜாங்கம், போலீசு சும்மா இருக்காது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாளிலிருந்து ஊர் அடங்கிப்போனது. எந்தப் பக்கம் போனாலும் சாலைக்குக் குறுக்கே மரம். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. சாய்ந்த மரங்கள் சில இடங்களில் கம்பி மேலேயும் விழுந்திருந்தன; தந்தியும் வரவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று வாய்வழியாகச் செய்தி வந்தது. கடைகள் முக்கால்வாசி பூட்டு. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது.

கரண்டு போனால் அந்தக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். நாலாம் நாள் மத்தியானம், மஹ்ஜபீன் ஒருவழியாகக் கரடியை மட்டும் தனியாகப் பிடித்து மெதுவாக்கியிருந்தாள். மூன்றாவது பாறையைத் தாண்டிப் பார்த்தாள், தாண்ட முடிந்தது. இரண்டாம் தடவையும் தாண்டினாள். அப்போது டிவிப் படம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. வோல்டேஜ் இறங்குகிறது என்று தெரிந்தது. வழக்கமாகப் பதிகிற கேசட்டைப் போட்டாள். நாடா சிக்கி, கொத்தாக வெளியே வந்தது. புதுசு வாங்கக் கடை இல்லை. கைக்கெட்டிய தூரத்தில், ஜன்னல் கட்டையில், அண்ணனின் ஆகஸ்ட் கேசட் இருந்தது. அதன் மறுபக்கம் காலி என்பது அவளுக்குத் தெரியும். எடுத்தாள், திருப்பிப் போட்டாள், முதலிலிருந்து ஓட விட்டாள். பத்திரத்துக்காக எப்போதும் போல இரண்டு தடவை பதிந்தாள். எட்டு நிமிஷம். கடைசிக் கூச்சல் ஓய்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் கரண்டு போனது. அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, கேசட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அதற்கப்புறம் நாலு நாள் கரண்டே வரவில்லை. காசிம் பீவி மத்தியானத்தில் கேசட் கேட்க முடியாமல் புலம்பிக்கொண்டிருந்தாள்.

மறியல் முடிந்து, மரங்களை இழுத்து ஓரம் போட்ட மறுநாள் காலையில் தந்தி வந்தது. அனுப்பியவர் பெயர் தங்கதுரை. அன்சரின் கடையிலேயே வேலை பார்த்து, அவன் அறையில் கூட இருந்த சங்கராபுரத்துக்காரர். அன்சர் ஒரு மொட்டைமாடியில் டிவி ஆன்டெனா கட்டும்போது விழுந்து மௌத்தாகிவிட்டான் என்று இருந்தது. அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. தேதியைப் பார்த்தார்கள். மறியலின் மூன்றாம் நாள்.

வீடு நிறைய ஜனம். முன்கட்டில் ஆண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள், உள்கட்டில் பெண்கள். காசிம் பீவி அழவில்லை. மகனின் மய்யத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கரண்டு வந்தது. அவள் திடீரென்று தலையைத் தூக்கி, "ஜபீனு, அந்தக் கேசட்டப் போடும்மா" என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் வேண்டாம் என்றார்கள். "போடட்டும். எம்புள்ள எங்கிட்டப் பேசட்டும்" என்றாள் அவள்.

மஹ்ஜபீன் டூ-இன்-ஒன்னை எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். அண்ணனின் பக்கம் எது என்று பார்த்துப் போட்டாள். முதலுக்கு ஓட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

கீச்சென்று கூச்சல் கிளம்பியது.

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்கட்டில் ஓதுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. அவசரத்தில் என்ன செய்தோம் என்பது அந்த நொடியில் மஹ்ஜபீனுக்கு விளங்கிவிட்டது. அவள் பதிந்ததற்கு முந்தின நாள் கேட்டு முடித்த அம்மா, மறுபக்கத்தில் ஏதாவது இருக்குமா என்று கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள். அதைத்தான் இவள் இன்னொரு தடவை திருப்பினாள்.

"மிஷினு கெட்டுப்போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காசிம் பீவிக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. எட்டு நிமிஷமும் அந்தக் கரகரப்புக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சத்தம் அறுந்து, அன்சரின் குரல் பாதி வாக்கியத்தில் எழுந்தது. "...அத்தா, இந்தத் தடவை வெயிலு ஜாஸ்திதான். ஆனா கடையில ஏசி இருக்கு, கஷ்டம் இல்ல." அத்தாவோடு பேசினான், பிறகு தங்கச்சியோடு. கரடியை மெதுவா வரச் சொல்லு என்று சிரித்தான். முடிந்தது.

"எனக்குப் பேசுனது எங்கடி?" என்றாள் காசிம் பீவி.

மஹ்ஜபீன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். காசிம் பீவி அவளைத் திட்டவுமில்லை, தொடவுமில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தந்தி வந்த மூன்றாம் நாள் ராஜாங்கம் வந்தார். சட்டையில்லாத தோளில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு. உமர் பாரூக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், நாங்க சாச்ச மரந்தான் கம்பி மேல கெடந்துது. பெத்த வயித்துக்கு அஞ்சு நாளு கழிச்சு சேதி வந்துருக்கே" என்று தழுதழுத்தார்.

உமர் பாரூக் சொன்னார்: "தந்தி அன்னிக்கே வந்திருந்தாலும் அவன் வந்திருக்கப் போறதில்ல ராஜாங்கம். அஞ்சு நாளு எம்புள்ள உசுரோட இருக்கான்னு நெனச்சுக்கினு சாப்புட்டேன், தூங்குனேன். அது உங்களாலதான்னு வெச்சுக்கறேன். குந்துங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற மஹ்ஜபீன் இதைக் கேட்டாள். அண்ணன் விழுந்த மறுநாள் காலையிலேயே அந்தத் தந்தி வந்திருந்தால், மத்தியானம் தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாண்டித் தாண்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த மத்தியானத்தில் அண்ணன் மண்ணுக்குள் போயிருந்தான் என்பதையும் சொல்லவில்லை.

அழிந்துபோன பேச்சு அவளுக்கு மனப்பாடம். அம்மாவோடு உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள்! நாற்பது நாள் கழிந்து ஒரு மத்தியானம், தினமும் கேசட் கேட்கிற நேரத்தில், அவளாகவே அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள். "அஸ்ஸலாமு அலைக்கும் அம்மா, உன் கரடி பேசறேன். முட்டி எப்படி இருக்கு? தைலம் தீந்துச்சா? தீந்துச்சுன்னா சொல்லு, வர்றவங்க கையில குடுத்தனுப்பறேன். நேத்து மீன் கொழம்பு வெச்சேன், உன்னுது மாதிரி வரல. புளி கம்மியா போட்டனோ என்னவோ..." ஒரு வார்த்தை விடாமல் கடைசி வரைக்கும் சொன்னாள். காசிம் பீவி கண்ணை மூடிக் கேட்டாள். மறுநாள், "சொல்லும்மா" என்று அவளே கேட்டாள். இப்படி இருபது நாள் போலப் போயிற்று.

ஒரு நாள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் ஜபீனு. இனிமே சொல்லாத."

"ஏம்மா?"

"நீ சொல்லச் சொல்ல உன் கொரலுதான் காதுல நிக்குது. அவன் கொரலு போய்க்கினே இருக்கு."

அதன் பிறகு காசிம் பீவி அந்தக் கேசட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். மீதி இருக்கிற குரலும் தேய்ந்துபோகும் என்று பயம். அதற்குள்ளேதான் மஹ்ஜபீனின் விளையாட்டும் இருந்தது. அவள் அதைத் தா என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி பரண் மேல் ஏற்றினாள்.

அடுத்த வருஷம் அன்சரின் பெட்டி வந்தது. சட்டைகளுக்கு நடுவே ஒரு தாளில் அவன் கையெழுத்தில் பெயர்களும் எண்களும் வரிசையாக இருந்தன. அவை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. மஹ்ஜபீன் தபால் மூலம் பி.எஸ்சி. கணக்குப் படித்தாள். அத்தாவே கட்டணம் கட்டி, பரீட்சைக்கும் அழைத்துக்கொண்டு போனார். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்காமல் காரியம் செய்யப் பழகிக்கொண்டார்கள்.

தொண்ணூறு ஆகஸ்டில் மறுபடியும் இட ஒதுக்கீடு பற்றிய பேச்சாகவே இருந்தது. இந்தத் தடவை டெல்லியில். அதே மாதம் குவைத்தில் யுத்தம் வந்து, போனவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அக்டோபரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். முகம் வெயிலில் வெந்திருந்தது, கையில் ஒரு துணிப்பை.

"நான் தங்கதுரைங்க. சங்கராபுரம். அன்சர் ரூமுல இருந்தவன்."

உமர் பாரூக் அவரை உட்காரவைத்தார். ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து திரும்பியதை அவர் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நடுவுல ஒரு தடவை லீவுல வந்தேங்க. உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அன்னிக்கு அந்த மாடிக்கு நான் போவ வேண்டியது. எனக்கு ஜொரம். 'நீ படுடா, நான் போறேன்'னு அவன் போனான். இன்னா மூஞ்சிய வெச்சுக்கினு உங்க முன்னால வந்து நிப்பேன்?"

மஹ்ஜபீன் அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டினாள். தங்கதுரை பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இது கரடி கேமு ஸ்கோருங்க. வெள்ளிக்கெழமை லீவு அன்னிக்கு ரூமே உக்காந்து ஆடுவோம். 'எந்தங்கச்சி செஞ்சது'ன்னு கடைக்கு வர்றவங்க கிட்டெல்லாம் சொல்லுவான். அந்தக் கேசட்டு அங்கயே போயிடுச்சு. ஒங்க கிட்ட இருக்குதாம்மா?"

மஹ்ஜபீன் அம்மாவைப் பார்க்காமல், "இல்லீங்க" என்றாள்.

அதுவரை தூணோரம் உட்கார்ந்திருந்த காசிம் பீவி மெல்ல நகர்ந்து முன்னால் வந்தாள்.

"தம்பி, அவன் என்னப் பத்தி எதாவது பேசுவானாப்பா?"

தங்கதுரை நிமிர்ந்து பார்த்தார். "பேசுவானாவா? மீன் கொழம்பு வெக்கிற அன்னிக்கு அவன் கிட்ட நிக்க முடியாதும்மா." பிறகு அவரையறியாமல் கழுத்தைச் சாய்த்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அது அன்சர் நிற்கிற மாதிரியே இருந்தது. "'டேய், எங்கம்மா புளியைக் கரைச்சா கையிலயே அளவு தெரியும்டா. நீ ஸ்பூன்ல போடற, வெளங்குமா'ன்னு கரண்டியப் புடுங்கிக்குவான்."

மஹ்ஜபீன் டீ போட உள்ளே போனாள். தண்ணீர் கொதித்தது. வெளியே தங்கதுரை சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டேயிராத பேச்சுகள், எந்தக் கேசட்டிலும் வராத பேச்சுகள். நடுவில் ஒரு இடத்தில் அம்மா சிரித்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அடுப்பை அணைத்துவிட்டு, மஹ்ஜபீன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து வெளியே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஜபீனு, நீயும் வந்து கேளு வாம்மா. ஒன்னப் பத்தித்தான் சொல்லிக்கினு இருக்காரு."